மாத்திரையில் குணமானதாக எழுதிவிட்டார்கள்

என்னைப் பற்றிப் பேப்பரில் போட்டிருந்தார்கள். பெயர் இல்லை. 'லாரி ஓட்டிய முதியவர், கடும் ஃப்ளூ காய்ச்சலுக்குத் தந்த மாத்திரையால் குணமடைந்தார். மக்கள் அஞ்ச வேண்டாம்' என்று சுகாதாரத் துறை அறிக்கை. மகன் பெருமையாகப் படித்துக் காட்டினான்.

"எவன்டா சொன்னான்? மாத்திரை கல்லு மாதிரி வயித்துல கெடந்துச்சு. வேற மருந்தைப் பாட்டில்ல ஏத்தினப்புறம்தான எந்திரிச்சேன்?"

"விடுங்கப்பா. எதுல பொழைச்சா என்ன?"

விட்டிருப்பேன். அச்சில் வருவதை நான் நம்புவதும் இல்லை, அதற்காகச் சண்டைக்குப் போவதும் இல்லை. ஆனால் அந்த வாரமே என் வீட்டுக்காரி படுத்தாள். அதே காய்ச்சல், நெஞ்சில் அதே கரகரப்பு. நான் கிடந்த பெரிய ஆஸ்பத்திரியில் இடமில்லை என்று தெருக்கோடிச் சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கிருந்த டாக்டரம்மா அதே வெள்ளை மாத்திரையை நீட்டினார்.

"இது வேணாம். எனக்குப் போட்ட பாட்டிலைப் போடுங்க."

"இதான் மருந்து ஐயா. ஒரு பெரியவர் இதுல குணமானார்னு அறிக்கையே வந்திருக்கு."

"அந்தப் பெரியவன் நான்தான்."

டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்ல மாத்திரையை வித்துட்டு எங்களுக்குச் சுண்ணாம்பை உருட்டித் தர்றீங்க," என்றேன்.

"இந்த நெலமையிலயும் மனுஷனுக்கு வாய் அடங்குதா பாரு," என்றாள் என் மனைவி கட்டிலிலிருந்து. பாதிப் பேச்சிலேயே மூச்சு வாங்கியது.

டாக்டரம்மா போனை எடுத்தார். பெரிய ஆஸ்பத்திரி, பிறகு பரிசோதனைக் கூடம். நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள் போலிருக்கிறது. "அப்ப நாளை வரைக்கும் இந்தம்மாவுக்கு நீங்க வந்து மூச்சு விடுங்க," என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

போனை வைத்தவர் என்னிடம் சொன்னார்: "மாத்திரை போலி இல்லை. உங்களுக்கு வந்த கிருமி அதுக்கு மசியாத கிருமி. பரிசோதனையில தெரிஞ்சிருக்கு. அறிக்கை எழுதினவங்க, முதல்ல கொடுத்த மருந்தோட கணக்குல உங்களைச் சேர்த்துட்டாங்க."

"பாதி வழியில நின்ன வண்டி சரக்கை எறக்குச்சுன்னு எழுதின கதை."

அவர் சிரித்துக்கொண்டே பாட்டிலை மாட்டச் சொன்னார். அவள் மூக்கிலிருந்து சளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பிறகு அறிக்கை எழுதிய அதிகாரியைப் பிடித்து, போனை என் கையில் கொடுத்தார். மாத்திரைக்கு நான் எழவில்லை என்று சொன்னேன்.

"இப்ப மாத்தினா ஜனங்க பயந்துருவாங்க பெரியவரே," என்றார் அவர்.

"பயப்படட்டும்யா. பயந்தவன் ஆஸ்பத்திரிக்கு வருவான். உங்களை நம்பினவன்தான் மாத்திரையைப் போட்டுக்கிட்டு வீட்டுல கெடப்பான்."

"டாக்டர்கிட்ட கொடுங்க," என்றார் அதிகாரி.

காய்ச்சல் இறங்கி அவள் எழுந்து உட்கார்ந்த அன்று, பக்கத்துக் கட்டிலுக்கு அதே இருமலோடு ஒரு தையல்காரர் வந்தார். நர்ஸ் மாத்திரையைத் தொடவில்லை. நேரே பாட்டிலை எடுத்தாள். புது அறிக்கை வந்துவிட்டதாம்.

"உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கானுங்களா? முழுசாப் படிம்மா," என்றேன் நர்ஸிடம்.

"அவரு முதல்ல பொழைக்கட்டும்," என்றாள் என் மனைவி. "நீங்க அந்த ஜன்னலை விட்டு நகருங்க, காத்து வரட்டும்."