குழந்தை வளர்ப்பில் சிறப்புத் தேர்ச்சி

"ஸ்டூலைக் கெட்டியாப் பிடிம்மா. நீ ஆட்டிக்கிட்டே இருந்தா ஆணி எப்படி நேரா இறங்கும்?" என்றார் மாமனார், மேலே நின்றபடி.

மருமகள் ஸ்டூலை ஆட்டவில்லை. ஸ்டூலுக்குத்தான் ஒரு கால் குட்டை. அவர் மாட்டப்போகும் சான்றிதழ் அவள் படித்து, பரீட்சை எழுதி வாங்கியது. கண்ணாடிச் சட்டத்துக்குள் தங்க எழுத்தில் மின்னிய பெயரோ அவள் கணவனுடையது.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த வீட்டில் மின் இணைப்பு, கேஸ் இணைப்பு, வாசல் பெயர்ப்பலகை எல்லாமே ஆண் பெயரில் இருப்பதுதான் முறை. வயது வந்த யாரும் எதை வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம் என்று ஓர் இணையதளம் இருப்பதை மருமகள் கண்டுபிடித்துச் சேரட்டுமா என்று கேட்டபோது, ஓய்வு பெற்ற ஹெட் கிளார்க்கான மாமனாரே பெரிய மனது பண்ணிச் சேர்க்கைப் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தார். பெயர் என்ற இடத்தில் மகன் பெயரைப் போட்டார். கைப்பழக்கம். அவள் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, படிப்பு மண்டைக்குள் போனால் போதாதா, பேர் வேறு வேண்டுமா என்றார். சும்மா கிடைப்பதிலும் குற்றம் சொல்கிற காலமாகிவிட்டது என்று மாமியார் அங்கலாய்த்தாள்.

அவள் படித்தாள். ஒரு கையால் குழம்பைக் கிளறிக்கொண்டு, மடியில் மகளைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டு படித்தாள். முதலுதவி, சத்துணவு, நட்சத்திரங்கள் பற்றி ஒரு படிப்பு (அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை, அவளுக்குப் பிடித்திருந்தது), கடைசியாகச் சிறு குழந்தைப் பராமரிப்பு. அவள் படிக்கப் படிக்க, ஹால் சுவரில் மகனின் அறிவு வளர்ந்தது.

மகன் ஒரு துணி ஆலையில் ஸ்டோர் கீப்பர். பெற்ற பெண் ஈரம் பண்ணிவிட்டால், நனைந்த செய்தித்தாளைத் தூக்குவதுபோல் எட்டப் பிடித்து, "இந்தா, உன் பொண்ணு" என்று நீட்டுகிறவன். சிரித்தால் மட்டும் அது அவன் பெண். அப்பேர்ப்பட்டவனுக்குத்தான் இன்று சிறு குழந்தைகளைப் பேணுவதில் சிறப்புத் தேர்ச்சி. முதல் சான்றிதழ் வந்தபோது அவனுக்கே கூச்சமாக இருந்தது. போகப்போகப் பழகிவிட்டது. இதைப் படம் எடுத்து ஆலையில் மேனேஜர் முதல் எல்லோருக்கும் அனுப்பிவைத்தான். வந்த பாராட்டுகளை மனைவிக்கு வாசித்தும் காட்டினான்.

அவளுக்கு வேண்டியிருந்தது பாராட்டு அல்ல, ஒரு வேலை. அடுத்த தெருக் குழந்தைகள் காப்பகத்தில் ஆள் தேடினார்கள். மகளையும் கூடவே வைத்துக்கொள்ளலாம். மறுநாளே போனாள். காப்பகத்து அம்மா கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் போனில் சான்றிதழைக் காட்டினாள்.

"யாரும்மா இது?"

"வீட்டுக்காரர்."

"அப்ப வேலைக்கு அவரைத்தான் கூப்பிடணும்" என்று சிரித்தாள் அந்த அம்மா. பிறகு கனிவாகவே, உன் பேரில் ஒன்று கொண்டு வா, மாதக் கடைசிவரை இடத்தை வைத்திருக்கிறேன் என்றாள்.

வீட்டுக்கு வந்து, சான்றிதழில் பெயரை மாற்றித் தரும்படி கேட்டாள். மாற்றினால் சுவரில் இருப்பதெல்லாம் பொய்யென்று ஆகிவிடாதா, பார்த்துவிட்டுப் போனவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மாமனார் பதறினார். அதுவரை எல்லாம் மெய்யாக இருந்ததுபோல.

கணவன் பெருந்தன்மையானவன். "உன் பேர் என்ன, என் பேர் என்ன? நமக்குள்ள ஏது பிரிவினை?" என்றான்.

அவள் தன் பழைய போனில், தன் பெயரில், தானே புதிதாகச் சேர்ந்தாள். இணையதளத்துக்கு அவள் யாரென்றே தெரியாது. முதல் பாடத்திலிருந்து வா என்றது. தெரிந்த பாடம்தானே, மாதக் கடைசிக்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் கணவன் பேயறைந்த முகத்தோடு வந்தான். ஆலையில் வேலை செய்யும் பெண்கள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த குழந்தைகள் அறையைத் திங்கட்கிழமை திறக்கிறார்களாம். பொறுப்புக்கு வெளியாள் எதற்கு, நம்ம ஸ்டோர் கீப்பர் இருக்கையில் என்று மேனேஜர் முடிவு செய்துவிட்டாராம். எல்லோரும் கை தட்டினார்களாம். இவனும் தட்டினானாம்.

மாமனாருக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. ஹெட் கிளார்க்காக இருந்தவர் அல்லவா?

"இதுக்குப் போயி ஏன்டா முழிக்கிற? மருமகளைக் கூட்டிட்டுப் போ. அவ பிள்ளைங்களைப் பாத்துக்கட்டும், நீ கையெழுத்தைப் போடு. எந்தக் கை செஞ்சா என்ன, நம்ம வீட்டு வேலைதானே?"

மத்தியானச் சமையலை யார் செய்வது என்று மாமியார் ஓர் ஆட்சேபம் எழுப்பினாள். மருமகள் விடியற்காலையிலேயே முடித்துவிட்டுப் போவாள் என்று அதுவும் தீர்ந்தது. காப்பகத்து இடம் கைநழுவிப் போகுமே என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, ஒரு மரியாதைக்கு, அவளிடமும் சொன்னார்கள்.

அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்கு என்ன மாமா தெரியும்? நான் இன்னைக்குத்தான் சேர்ந்திருக்கேன். முதல் பாடமே இன்னும் முடியல."

"விளையாடாத. திங்கட்கிழமை நான் அங்க போய் நிக்கணும்" என்றான் கணவன்.

"போங்க. நீங்க படிச்சு முடிச்சவரு. எனக்கு ஒரு சந்தேகம்னா நானே உங்களைத்தான் கேக்கணும்."

மாமனார் சான்றிதழ்களை நிமிர்ந்து பார்த்தார். சுவரில் இருப்பது பொய்யென்று சொல்லாமல் அவளுக்குத் தெரியும் என்று சொல்ல வழியில்லை. போனில் ஆசிரியையின் குரல், அழுகிற குழந்தையை முதலில் எப்படித் தூக்க வேண்டும் என்று நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தது.

சற்று நேரம் கழித்து ஸ்டோர் கீப்பர் சத்தமில்லாமல் ஒரு நாற்காலியை இழுத்து வந்து, மனைவியின் தோளுக்குப் பின்னால் போட்டு எட்டிப் பார்த்தான்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள் அவள். "எனக்கு வெளிச்சம் மறைக்குது."