மஞ்சள் வைத்த கவர்

டெண்டர் பெட்டிக்குள் கவரைப் போட்டுவிட்டு மர வாங்கில் வந்து உட்கார்ந்தபோது சுதர்ஷினிக்குப் பாதி பாரம் இறங்கியது போலிருந்தது. நுவரெலியா அரசாங்கக் கந்தோரின் தாழ்வாரத்தில் காற்று ஊசியாகக் குத்தியது. ஜீவராஜ் தன் ஜேக்கட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டான்.

"உங்களுக்குக் குளிராதா?"

"இன்னைக்கு எனக்கு எதுவும் குளிராது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறி, ராகலைக்கு மேலே குத்தகை நிலத்தில் நாற்றுப் பண்ணை போட்ட நாளிலிருந்து அவன் முகத்தில் இப்படியொரு தெளிவை அவள் கண்டதில்லை. வீட்டுத் தோட்டங்களுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கப்போகும் முட்டைக்கோவா நாற்றுக்கான டெண்டர் அது. கிடைத்தவர் இரண்டு வாரத்தில் நாற்றை ஒப்படைக்க வேண்டும். கோவா நாற்று வளரவோ ஒரு மாதம் பிடிக்கும். ஆகவே, கிடைக்கும் என்று நம்பி முன்கூட்டியே கூடாரம் முழுக்க விதைத்துவிட்டார்கள். லீக்ஸ் நாற்றுக் கேட்டு வந்த பழைய ஆட்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது தவறினால் அத்தனை நாற்றும் முற்றி, தண்டு நீண்டு, யாருக்கும் ஆகாமல் போய்விடும்.

"என்ன தம்பி, புது மாப்பிள்ள மாதிரி வந்தீக்கிறீங்க," என்றபடி வந்தார் ஹலீம் நானா. ராகலையில் விதைக்கடை வைத்திருப்பவர். மருந்தடிக்கும் மெஷின் டெண்டருக்காக வந்திருந்தார். "கவரு போட்டாச்சா?"

"போட்டாச்சு நானா. இவ சும்மா விடுவாளா? சாமிகிட்ட வச்சு, நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி, புது லொறிய ரோட்டுக்கு எடுக்கிற மாதிரித்தான் அனுப்பி வச்சா."

ஹலீம் நானாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "கவருக்கு வெளியாலயா?"

"வெளியதான். ஏன் நானா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "போன மொற ஒருத்தர்ட கவருல கட சீல் ஈந்திச்சி. பிரிக்காமலே ஒதுக்கிட்டாங்க. டெண்டர் பேரத் தவிர வெளியால ஒண்டும் ஈக்கப்படாது தம்பி."

அந்த விதியை ஜீவராஜ் படிக்காமலில்லை. சிங்களத்தில் இருந்த பக்கங்களை வரிவரியாகப் படித்து அவளுக்கு விளக்கியவனே அவன்தான். வெளியே அடையாளம் கூடாது என்றால் பேர், சீல், கையெழுத்து கூடாது என்றுதான் இருவரும் எடுத்துக்கொண்டார்கள். மஞ்சளை ஓர் அடையாளமாக அவர்கள் நினைத்துப் பார்க்கவேயில்லை. நல்ல காரியத்துக்குப் போகும் தாள் மஞ்சள் தொடாமல் எப்படிப் போகும்?

ஜீவராஜ் எழுந்து கிளார்க்கிடம் ஓடினான். பெட்டிக்குள் விழுந்ததை இனி யாரும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார் அவர். வேறு கவர் போடலாம் என்றாலும், விலையும் பத்திரங்களும் அந்தக் கவருக்குள்ளேயே இருந்தன.

கண்ணெதிரே மேசை மேல் பெட்டி இருந்தது, பக்கத்துக்கொரு பூட்டோடு. சுதர்ஷினி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, ஒரு வார்த்த திட்டுங்களேன்."

"எதுக்கு? நானுந்தானே பக்கத்துல நின்னேன். மூணு மூலதான் தடவியிருக்கே, இன்னொன்னையும் தடவுன்னு சொன்னதே நான்தானே."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அது சில்லிட்டுப் போயிருந்தது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டியைத் திறந்தார்கள். அவர்களுடைய கவர் வந்ததும் தலைமை அதிகாரி அதைத் திருப்பிப் பார்த்தார். விரலால் ஒரு மூலையைத் தொட்டு முகர்ந்தார். பிரித்துவிடுவார் என்றே சுதர்ஷினிக்குத் தோன்றியது. முன் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். நுவரெலியாவில் அரசாங்க டெண்டர்களை எடுக்கும் பெரிய கொந்தராத்துக்காரர். அதுவும் ஓர் அடையாளம்தானே மாத்தயா, மஞ்சள் வைத்த கவர் நம்முடையது என்று நேற்றே உள்ளே ஒருவரிடம் சொல்லிவைத்தால் போதுமே, என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதிகாரி சுதர்ஷினியின் பக்கம் பார்க்காமலே கவரை ஓரமாக வைத்தார்.

மற்ற விலைகளை வாசித்தார்கள். ஆகக் குறைந்தது கொந்தராத்துக்காரருடையதுதான்.

"நம்ம வெல அதவிடக் கொறைவு," என்றான் ஜீவராஜ், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

வெளியே வந்தபோது கொந்தராத்துக்காரர் வாசலில் காத்திருந்தார். அவரிடம் நாற்றுமேடையே கிடையாது என்பது ராகலையில் எல்லாருக்கும் தெரியும்.

"தம்பி, உங்ககிட்ட கோவா நாத்து ரெடியா இருக்காமே," என்றார் அரைகுறைத் தமிழில். "எல்லாத்தையும் நான் எடுக்கிறேன்." அவர் சொன்ன விலை, அவர்கள் கவருக்குள் எழுதியிருந்ததில் பாதிகூட வராது.

ஜீவராஜின் தாடை இறுகுவதைச் சுதர்ஷினி பார்த்தாள். முடியாது என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தாள். சொல்லிவிட்டால் நன்றாக இருக்குமே என்றும் இருந்தது. தட்டுத் தட்டாய் நிற்கும் அத்தனை நாற்றும் மனதில் வந்தது.

"குடுத்துருவோங்க. அழுகிப் போறதுக்கு அது மேலு."

"ஹரி மாத்தயா," என்று தரையைப் பார்த்துச் சிங்களத்தில் சம்மதித்தான் ஜீவராஜ்.

"லொறி அனுப்புற வரைக்கும் நல்லா பாத்துக்கங்க. பனி பட்டா நான் எடுக்க மாட்டேன்."

ராகலை பஸ்ஸில் அவள் அவன் தோளில் சாய்ந்தாள். அவன் ஜன்னல் வழியே வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். மேகம் விலகிவிட்டது; இரவு பனி கொட்டும். இருட்டுவதற்குள் போய்க் கூடாரத்துத் திரையை இறக்கியாக வேண்டும்.