முதலாளியின் போனில் சுற்றாத நத்தை

மூன்று வாரம் கண் பூத்துப்போக உட்கார்ந்து சுருட்டை என்ற பெண் செய்த வேலையை, முதலாளி மூன்றே விநாடியில் தூக்கிக் குப்பையில் போட்டார். அதுவும் தனியாகக் கூப்பிட்டா? இல்லை. ஆபீஸ் மொத்தமும் பார்க்க, நட்டநடுவில் நின்றுகொண்டு.

"என்னம்மா இது? நத்தை சிலையாட்டம் நிக்குது! மூணு வாரமா என்ன கிழிச்சே?"

நத்தை என்றால் நிஜ நத்தை இல்லை. தலைசுற்றலுக்கு வைத்தியம் பார்க்கும் காது ஆஸ்பத்திரி ஒன்றுக்கு இணையதளம் செய்துகொண்டிருந்தார்கள். உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கிற உறுப்பை முப்பரிமாணத்தில் வரைந்து, விரலால் பக்கத்தைத் தள்ளத் தள்ள அது சுழன்று திறப்பதுபோல் நிரல் எழுதியிருந்தாள் சுருட்டை. சுருள் முடிக்காக ஆபீஸ் வைத்த பெயர் அது. வேலையில் புலி.

அவளுக்கு வந்ததே கோபம்! வெடுக்கென்று அவர் போனை வாங்கி செட்டிங்ஸுக்குள் போனாள். 'அசைவைக் குறை' என்ற பட்டன் பச்சையாக இருந்தது.

"அசைவு வேண்டாம்னு உங்க போனே சொல்லுது சார். அப்படிச் சொல்ற போன்ல நத்தை சுத்தாம நிக்கும். நான்தான் அப்படி ஒரு வரி எழுதினேன். இதை யார் போட்டது?"

"நான்தான். போன்ல எல்லாம் பறந்து பறந்து வந்தா எனக்குக் கிறுகிறுன்னு வருது."

"அப்போ இந்த ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கு?"

"அது வேற, இது வேற. விருதுக்கு அனுப்பப் போறோம். நடுவர் போன்லயும் இப்படிச் செத்துக் கிடந்தா? அந்த வரியை எடு. எல்லாருக்கும் சுத்தணும்."

சுருட்டைக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. அவள் அக்காவுக்கே இந்தத் தலைசுற்றல்தான். போன மாதம் அக்கா டாக்டரிடம் நேரம் வாங்க வேறோர் ஆஸ்பத்திரியின் இணையதளத்தைத் திறந்தாள். அங்கே படங்கள் பறந்த வேகத்தில் வாந்தி எடுத்துத் தரையில் சரிந்தாள். அதையும் சுருட்டை சொல்லிப் பார்த்தாள்.

"வீட்டு விஷயமெல்லாம் இங்க எதுக்கு?" என்றார் அந்த மகானுபாவர்.

பல்லைக் கடித்துக்கொண்டு வரியை எடுத்தாள். பக்கத்தை அவர் போனிலேயே திறந்து கையில் கொடுத்தாள். "கடைசி வரைக்கும் தள்ளிப் பாருங்க சார். நேரம் வாங்குற பட்டன் அங்கதான் இருக்கு."

நத்தை சுழன்றது. "அடடா, அடடா!" என்றார் முதலாளி. பாதியிலேயே அடடா நின்றுபோனது. முகம் வெளுத்தது. மேஜையைப் பிடித்தார், நாற்காலியில் சாய்ந்தார், கண்ணை இறுக மூடிக்கொண்டார். பட்டன் வரைக்கும் போகவே இல்லை.

யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு மெல்லச் சொன்னார்: "என் போனுக்கு மட்டும் பழையபடி நிக்கிற மாதிரி வச்சுக் குடும்மா."

கேட்டீர்களா நியாயத்தை!

"உங்களுக்கு மட்டும்னு எழுத மாட்டேன் சார். வேண்டாம்னு சொன்னவங்க எல்லாருக்கும் நிக்கும். இல்லன்னா யாருக்கும் நிக்காது. எது வேணும்?"

ஆபீஸில் ஒருத்தர் கையும் கீபோர்டில் இல்லை.

"சரி... எல்லாருக்கும் வை."

வைத்தாள். அவர் மனசு மாறுவதற்குள் ஆஸ்பத்திரிக்கும் அனுப்பிவிட்டாள். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

"எங்க அக்கா வாந்தி எடுத்து விழுந்தான்னு சொன்னேன். அப்போ உங்களுக்கு அது ஒரு பொருட்டாவே தெரியல. உங்க தலை சுத்தினதும்தான் உறைக்குது. வெட்கமா இல்லையா சார்?"