எல்லாத்துக்கும் கத்துற மெசின்

"எங்க தேடப் போறீங்க? அத மொதல்ல சொல்லுங்கண்ணா. அப்புறம் எந்த மெஷின்னு நான் சொல்றேன்."

வெங்கட்ராமன் மண்ணுக்குள் உலோகம் தேடுகிற இரண்டு மெசின்களையும் வேலியில் சாத்திவிட்டுக் கோப்பிக் கோப்பையைக் கையில் எடுத்தான். ஒரே கூரைக்குக் கீழே ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகளில் ஒரு பாதி விக்னராஜாவுடையது, மற்றப் பாதி அவனுடையது. சிட்னி வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுக்கிற வேலை. கிழமை முழுக்க மனிசருக்குள் என்ன கிடக்கிறதென்று பார்க்கிறவன், ஓய்வு நாளில் கடற்கரைக்குப் போய் மண்ணுக்குள் என்ன கிடக்கிறதென்று பார்ப்பான். குளிக்க வந்தவர்கள் தொலைத்த மோதிரமும் காசுமாக ஒரு ஐஸ்கிரீம் வாளி நிறைய வைத்திருக்கிறான்.

விக்னராஜாவுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. போன கிழமை மெசின் விற்கிற கடைக்குப் போனபோதும் அங்கே நின்றவன் இதையேதான் கேட்டான். கடற்கரையா, பூங்காவா, பழைய தங்கவயலா? விக்னராஜா அப்படியே காருக்குத் திரும்பி வந்துவிட்டான்.

"மணல்," என்றான் இப்போது. "உப்பு மண். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்புத் தண்ணி."

"அப்ப பீச் மாதிரிதான். ஈசி."

"இரும்பும் கிடக்கு."

"எவ்ளோ?"

விக்னராஜா காற்சட்டைப் பைக்குள் கையை விட்டான். அவன் கம்பி கட்டுகிறவன். பரமட்டாவில் எழும்புகிற மாடிகளுக்குக் கொங்கிறீற் ஊற்ற முதல், வெய்யிலில் குனிந்து நின்று இரும்பை இரும்போடு பின்னிக் கட்டுவது அவன் பிழைப்பு. எந்தக் காற்சட்டையைக் கழுவினாலும் பைக்குள் நாலு கட்டுக்கம்பித் துண்டு கிடக்கும். அதை அள்ளிப் புல்லில் எறிந்தான். போதாதென்று கராஜுக்குள் போய் ஒரு வாளியைத் தூக்கிவந்து, துணி காயப்போடுகிற கம்பத்துக்கு அப்பால் விசிறிக் கொட்டினான். ஆணி, வெட்டுக்கம்பி, நெளிந்த தகடு. காலால் மிதித்து மண்ணுக்குள் அமத்தினான்.

"இவ்வளவு. இதைவிடக் கூட."

"என்னண்ணா, ஊர்ல பழைய இரும்புக் கடையா வச்சிருந்தீங்க?"

"யுத்தத்தில செல்லடிச்ச இடம், தம்பி."

வெங்கட் சிரிப்பைப் பாதியில் விழுங்கினான். "சாரிண்ணா. சரி, தேடுறது என்ன?"

"வெள்ளி. மாமியின்ர நகை. ஓடேக்க மண்ணுக்குள்ள தாட்டது."

அது பொய். மாமியிடம் விற்கிறதுக்குக்கூட நகை இருந்ததில்லை. அங்கே கிடப்பது விக்னராஜாவின் பிள்ளை.

சுடர்விழி. மேல்பல் இரண்டும் அப்போதுதான் வெளியே தெரியத் தொடங்கிய வயசு. யுத்தத்தின் கடைசி நாட்களில், மீன்வாடிக் கொட்டில் ஒன்றின் பின்பக்கம், கையாலும் தேத்தண்ணிக் கோப்பையாலும் தோண்டி அவளைக் கிடத்தினான். "பிரேதத்தில வெள்ளி விடக்கூடாது, கழட்டு பிள்ளை," என்று பக்கத்துப் பங்கருக்குள் இருந்து ஆரோ சொன்னார்கள். சம்பிரதாயம் அதுதான். அவன் மனைவி றம்யா கழட்ட விடவில்லை. வலக்காலில் கொலுசோடுதான் பிள்ளை போனாள். இடக்கால் கொலுசின் கொளுவி அதற்கு முதல் நாள் உடைந்து, திருத்துவோமென்று றம்யா சட்டைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தாள். அந்த முடிச்சு முகாமைக் கடந்து, வள்ளத்தைக் கடந்து, சிட்னி வரைக்கும் வந்து சேர்ந்தது.

வருடக்கணக்காக விசா இல்லாமல் இழுபட்டு, இப்போதுதான் ஊருக்குப் போய்வர வழி பிறந்திருக்கிறது. அதே நேரம் றம்யாவின் தமையன் ஒரு படம் அனுப்பினான். வாடியடிக் காணிக்கு வேலி போட்டாயிற்று. இறால் பண்ணை வருகிறது. தை பிறந்ததும் புல்டோசர் இறங்கும். அதற்கு முதல் வந்து பார்க்கக் காணிக்காரன் சம்மதித்திருக்கிறான். மார்கழிக்கு டிக்கெட் போட்டாயிற்று. வாடி இடிந்து அத்திவாரத் துண்டொன்றுதான் கிடக்கிறதாம், மரமும் இல்லை. பிள்ளை கிடக்கிற இடத்துக்கு அடையாளமென்று மிச்சம் இருப்பது, றம்யா கழட்ட விடாத அந்த ஒரு கொலுசுதான்.

வெங்கட் மெல்லிய மெசினைத் தூக்கினான். "இது மாப்பிள்ளை. ரொம்ப டீசன்ட். இரும்பக் கண்டா கண்டுக்காது, வெள்ளி தங்கம்னாத்தான் வாயத் தெறக்கும்." மற்றதைத் தட்டினான். அது பாரம் கூடியது. "இது மாமியார். உப்பு, ஈரம் எதுக்கும் அசராது, ஆழமும் போகும். ஆனா எல்லாத்துக்கும் கத்தும். ஆணியா வெள்ளியான்னு பிரிச்சுச் சொல்லத் தெரியாது. இரும்பு இவ்ளோ கெடக்குற எடத்துக்கு மாப்பிள்ளதாண்ணா. மாமியாரக் கூட்டிட்டுப் போனா ஆயுசு முழுக்க ஆணி தோண்ட வேண்டியதுதான்."

"சோதிச்சுப் பாப்பம்."

வெங்கட் ஒரு இருபது சதக் காசை எடுத்தான். விக்னராஜா தலையாட்டி மறுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து கொலுசை எடுத்து நீட்டினான். காலையில் றம்யா வேலைக்குப் போன பிறகு, சாமித்தட்டில் முருகன் படத்துக்குப் பின்னால் இருந்த சின்ன டப்பாவிலிருந்து எடுத்தது. கேட்டு எடுக்கவில்லை. கேட்பதென்றால் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும். அந்த வீட்டில் அந்தப் பேச்சு இல்லை.

"சங்கிலின்னா கஷ்டம்ணா. மெஷினுக்கு முழுசா ஒரு பொருளாத் தெரியாது, ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியா ரொம்பப் பொடிசாத்தான் தெரியும்."

"அதுதான் இதைக் கொண்டு வந்தனான்."

வெங்கட் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். "குட்டியா இருக்கே. உங்க மாமிக்கு இவ்ளோ சின்னக் காலா?"

விக்னராஜா சட்டைப் பையிலிருந்து ஒரு துணித் துண்டை உருவினான்.

"சரி, நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. எங்க பொதைச்சோம்னு தெரிஞ்சா நம்ம காதே நம்மள ஏமாத்தும். நானே பொதைக்கிறேன்."

"முழங்கை ஆழத்துக்குத் தாட்டுவிடும். இந்தத் துணியில சுத்தி."

விக்னராஜா வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் தோட்டக் கரண்டி மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது. அன்றைக்கு அந்தத் தேத்தண்ணிக் கோப்பையும் இப்படித்தான் சத்தம் போட்டது. மண் திரும்ப விழுந்தது. கை தட்டி அமத்தியது. வேலிப் பலகையில் ஒரு ஆணி துருப்பிடித்து ஒழுகியிருந்ததை, அது ஏதோ படிக்க வேண்டிய எழுத்துப்போல அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

வெங்கட்டின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் வேலைக்கு நின்ற ஒருவருக்குச் சுகமில்லை, பதிலுக்கு உடனே வரச்சொல்லி. "கண்டுபிடிச்சு வைங்கண்ணா, பீர் என் செலவு. இல்லேன்னா வந்து காட்டுறேன்," என்று ஓடினான். ஸ்கான் அறைக்குள் போனால் போன் லொக்கரில்தான் கிடக்கும்.

விக்னராஜா மாப்பிள்ளையை எடுத்து, அதன் ஹெட்போனைக் காதுக்கு மாட்டிக்கொண்டு, கம்பத்தடியிலிருந்து தொடங்கினான். இடம் வலமாக வீசினான். சத்தமில்லை. ஒரு எட்டு வைத்தான். சத்தமில்லை. காலுக்குக் கீழே வாளிக்கணக்கில் இரும்பு கிடக்கிறது, அவனே கொட்டியது. மெசின் ஒன்றுமே இல்லாத நிலம்போலப் பேசாமல் போனது. செல்லடி ஒரேயடியாக நிற்கிற நேரம் ஒன்று இருக்கும். அப்போது ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். அடுத்தது எங்கே என்று காது தானாக நீளும். அந்த அமைதிதான் இந்தக் காதுக்குள்ளும் இருந்தது. மூன்றுதரம் வளவு முழுக்கப் போனான். வியர்த்துக் கொட்டியது.

மாமியாரை எடுத்தான். முதல் வீச்சிலேயே அது அலறியது. அவன் தன்னை அறியாமல் குந்திவிட்டான். பக்கத்து வளவில் ஆரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தன்னைக் கண்டிருப்பார்களோ என்று எழும்பினான். அடுத்த வீச்சு, அடுத்த அலறல். தோண்டினான், கம்பித் துண்டு. தோண்டினான்; ஆணி. எந்த அலறலும் மற்றதைவிட வித்தியாசமில்லை. சனம் ஓடேக்கயும் இப்படித்தான். எது தன்ர பிள்ளையின் குரல் என்று பிரிக்க முடியவில்லை.

"இஞ்சேருங்கோ. கொலுசு எங்க?"

பின்கதவில் றம்யா நின்றாள். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியின் சட்டை இன்னும் மாற்றவில்லை. கையில் வெறும் டப்பா. வேலையால் வந்ததும் விளக்குக் கொளுத்துகிறவள்.

விக்னராஜா நிலத்தைக் காட்டினான். "இதுக்குள்ள. வெங்கட் தாட்டவர். எந்த மெசின் சரியெண்டு பாக்கத்தான். அவர் வந்த உடன..."

"இடம் உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியாது."

"ஒரு காசைத் தாட்டிருக்கலாமே."

"காசுக்கு வேற சத்தம்."

றம்யா கிளறிப்போட்ட புல்லைப் பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை. "அப்ப சுடரை ரெண்டாந்தரமும் தாட்டுப்போட்டு நிக்கிறியள்."

அந்தப் பெயர் அந்த வளவில் முதல்தரம் கேட்டது. விக்னராஜாவுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. அறைந்திருந்தால் நல்லதென்றும் பட்டது.

அவள் சப்பாத்தைக் கழட்டினாள். "தாங்கோ அதை."

மாப்பிள்ளையைக் கொடுத்தான். காதுக்கு மாட்டிவிட்டான். அவள் வீசிப் பார்த்தாள். "என்ன இது, ஒண்டும் சொல்லுதில்லை?"

"இரும்புக்குப் பேசாது. இரும்புக்குப் பக்கத்தில வெள்ளி கிடந்தாலும் சிலவேளை பேசாமல் போகும்."

"அப்ப தெரிஞ்சுகொண்டுதான் பேசாமல் இருக்குது." கழட்டித் திருப்பிக் கொடுத்தாள். "பாத்துக்கொண்டு பேசாமல் இருந்த ஆக்களை நான் கனக்கப் பாத்திட்டன். மற்றதைத் தாங்கோ."

மாமியார் அலறியபோது அவள் கண் ஒருதரம் இறுக மூடித் திறந்தது. அவ்வளவுதான். "இவ்வளவும் கத்துமோ?"

"அங்க இதைவிடக் கத்தும்."

"கத்தட்டும்."

விக்னராஜா வேலைத்தளத்தில் செய்கிறதுபோல நூல் பிடித்தான். வேலியிலிருந்து கம்பம் வரை, ஒரு கை அகலத்துக்கு ஒரு நூல். அவன் வீசினான், கத்திய இடத்தில் அவள் முழங்காலில் இருந்து தோண்டினாள். எடுத்த இரும்பை வாளிக்குள் போட்டாள். ஒரு நூல் முடிய அடுத்த நூல். அவள் நகத்துக்குள் மண் ஏறியது. இரண்டு பேரும் பேசவில்லை. வாடிக்குப் பின்னால் தோண்டிய அன்றைக்கும் பேசவில்லை, அன்றைக்கு நேரமில்லாமல்.

வெங்கட் பக்கப் படலையைத் திறந்துகொண்டு வந்தபோது பாதி வளவு கிண்டிக் கிடந்தது. "ஐயையோ, என்னண்ணா இது! அங்க எல்லாம் இல்ல. இருங்க, நான் வந்து..."

"தம்பி, சொல்லாதேங்கோ," என்றாள் றம்யா, நிமிராமல்.

"ஒரு செகண்ட்தாங்கா. தோ, இந்த..."

"சொல்லாதேங்கோ எண்டு சொல்லுறன். அங்க ஆரும் வந்து கைநீட்டிக் காட்டப் போறேல்லை."

வெங்கட் நீட்டிய கையை இறக்கினான். "இல்லக்கா, மாமியோட நகைதானேன்னு..."

"ஆரின்ர மாமி?" அவள் புருசனை ஒருதரம் பார்த்தாள். அவன் நூலைப் பார்த்தான். "என்ர பிள்ளையின்ர கொலுசு அது. மற்றக் கால் கொலுசோடதான் அங்க அவளைத் தாட்டது. அதைத்தான் எடுக்கப் போறம்."

வெங்கட் காலையில் தான் சின்னக் காலென்று சொன்ன பகிடியை நினைத்திருக்க வேண்டும். பின்கதவுப் படியில் போய்க் குந்தினான். தான் புதைத்த இடத்தின் பக்கம் கண் போய்விடக்கூடாதென்று தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலி மூலையில், கடைசிக்கு முதல் நூலில், மெசின் கத்தியது. ஆணிக்குக் கத்தியதுபோலவேதான் கத்தியது. றம்யா தோண்டினாள். ஒரு வளைந்த ஆணி வந்தது. விக்னராஜா திரும்ப வீசினான், இன்னும் கத்தியது. தகட்டுத் துண்டு வந்தது. திரும்பவும் கத்தியது. முழங்கை மட்டும் கையை விட்டாள். துணி தட்டுப்பட்டது.

வெளியே எடுத்து விரித்தாள். சலங்கைக்குள் மண் அடைந்து, குலுக்கினாலும் ஓசை வரவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"இதுக்கு மேலால மாப்பிள்ளை மூண்டுதரம் போனது," என்றான் விக்னராஜா.

வெங்கட் படியிலிருந்து கேட்டான். "அப்ப... எந்த மெஷின்கா?"

"கத்துறது."

"அந்த எடம் பூரா இத வச்சுத் தோண்டினா மார்கழி பத்தாதேக்கா."

"அந்த வெளி முழுக்க இல்லைத் தம்பி. வாடியின்ர அத்திவாரத் துண்டொண்டு கிடக்காம், அண்ணை பாத்தவர். அதுக்குப் பின்பக்கம். ஒரு துண்டு இரும்பு விடாமல் அள்ளுவம்."

"அது கெடச்சுட்டா அப்புறம் நிம்மதி, இல்லயா?"

"கிடைச்சாப் பிறகுதான் வேலை துவங்கும்," என்றாள் றம்யா. "எலும்புக்கு மெசின் கத்தாது."

கொலுசைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினாள். பிறகு எழும்பவில்லை. அது கிடந்த குழிக்குள் இருந்து ஒரு கை மண்ணை அள்ளி, மற்றக் கையில் கொட்டி, விரலால் நசித்துப் பார்த்தாள். சிட்னிக் களிமண். உள்ளே ஒன்றும் இல்லை, இருக்கவும் நியாயமில்லை. மூன்று பேருக்கும் தெரியும். அடுத்த கை மண்ணை அள்ளினாள். அதையும் நசித்துப் பார்த்தாள்.

வெங்கட் எழும்பி, காலையில் விக்னராஜா நின்ற அதே இடத்தில், வேலியைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

விக்னராஜா கராஜுக்குள் போய், மணல் அரிக்கிற அரிதட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவளுக்கு எதிரே முழங்காலில் இருந்து, ஒரு பக்கத்தை அவளிடம் கொடுத்து, மற்றப் பக்கத்தைத் தான் பிடித்தான்.

"மெதுவா ஆட்டுங்கோ," என்றாள். "சின்ன எலும்புகள்."