ஒரு கிளை கேட்டு வந்த நீடியா

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை, சொற்பட்டியலாகப் பிறந்தது. வீட்டில் கஞ்சா வளர்க்க இங்கே சட்டம் இடம் தருகிறது; அதற்குப் புதிதாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு அடிப்படைச் சொற்களை விளக்கி அரைப்பக்கம் வேண்டும் என்று எங்கள் மொந்தேவிதேயோ வார இதழின் ஆசிரியர் கேட்டிருந்தார். உட்கார்ந்தேன். விதை. முளை. கணு. மூன்றாவது சொல்லிலேயே நீடியா லரோசா குறுக்கே வந்து நின்றாள்.

கணு என்றால் தண்டும் இலைக்காம்பும் சேரும் இடம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அந்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபடி, மொட்டைமாடியில் முழங்காலிட்டு ஒரு பெண். அதற்கப்புறம் பட்டியலை எங்கே எழுதுவது?

2

முதல் தொடக்கம்: "லா தேஹா பேட்டையின் மாடிகளில் மாலை வெயில் பொன்னாக..." வேண்டாம். வெயில் எல்லார் கதையிலும் பொன்னாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது: "நீடியாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சொந்தமாக அழகு நிலையம் வைத்திருக்கிறாள். இரண்டு முறை மணமுறிவு..." இது கல்யாணத் தரகர் பேச்சு.

மூன்றாவது: "தெருவிலேயே உயரமான செடி தன்னுடையது என்று நீடியா சொல்லிக்கொண்டு திரிந்தாள்." இது நிற்கும்.

சொன்னதில் பொய்யும் இல்லை. கீழே கடை, மேலே மொட்டைமாடி. மாடிச் சுவரைத் தாண்டித் தலைநீட்டிய அந்தச் செடிக்கு ராணி என்று பெயர் வைத்திருந்தாள். முடிக்குச் சாயம் பூச வந்தவர்கள் எல்லாம் ராணியின் நலம் கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

அடுத்த வீடு வாஷிங்டன் பெந்தாங்கோருடையது. (ஆமாம், இங்கே அது ஆளின் பெயர்.) பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இலையுதிர் காலத்தில் பேட்டைக்காரர்கள் கூடும் அறுவடை விருந்துக்கு ஆளுக்கொரு ஜாடி உலர்ந்த பூ கொண்டுபோவார்கள். ஜாடியில் பெயர் இருக்காது, மூக்கும் நாக்கும்தான் தீர்ப்புச் சொல்லும். மூன்று வருடமாக வாஷிங்டன் ஜாடிதான் ஜெயித்தது. இந்த வசந்தத்தில் அவர் தாராள மனசோடு நீடியாவுக்கு ஒரு போத்து தருவதாகச் சொன்னார்.

[போத்து: தாய்ச்செடியின் கிளையை வெட்டி வேர்விட வைப்பது. தாய் பெண்ணாக இருந்தால் போத்தும் பெண்தான். பறித்து உலர்த்தும் பூவைத் தருவது பெண் செடி மட்டுமே. அதனால் புதியவர்களுக்கு இதுதான் பத்திரமான வழி.]

நீடியா வாங்கவில்லை. "உன் செடியோட நகலை வச்சு நான் ஜெயிச்சா, ஜெயிச்சது நீதானே? எனக்கு விதை போதும்" என்றாள். விதை ஆணா பெண்ணா என்பது முளைக்கும்போது தெரியாது. நான்கு ஊன்றினாள். இரண்டு முளைக்கவில்லை, ஒன்றை நத்தை தின்றது. மிச்சம் ராணி.

3

[வளர்பருவம்: செடி இலையும் தண்டுமாக மட்டும் இருக்கும் காலம். பூப்பருவம்: பகல் குறுகி இருட்டு நீளும்போது தொடங்குவது.]

இரண்டுக்கும் நடுவில்தான் கணு பேசும். அங்கே வெள்ளை மயிர் போல இரண்டு இழை எட்டிப் பார்த்தால் பெண். உருண்டையாகக் குண்டுமணி தொங்கினால் ஆண்.

நீடியா பார்த்தாள். உருண்டை. அடுத்த கணுவிலும் உருண்டை. புதிதாக வளர்க்கிறவர்கள் உயரத்தைப் பார்த்து ஏமாறுவது வழக்கம்.* அவளும் ஏமாந்திருந்தாள்.

* பெரும்பாலும் ஆண் செடிதான் சட்டென்று நெடுநெடுவென்று வளரும்.

(இந்த இடத்தில் அவளை ஒரு பத்தி அழவைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அழுகிறவளாக அவள் எனக்குப் படவில்லை. கீழே இறங்கி, வெந்நீர் வைத்து, மாத்தே என்னும் கசப்புத் தேநீரை ஊற்றிக்கொண்டு மறுபடி மேலே வந்தாள்.)

உருண்டைகள் வெடித்தால் மகரந்தம் காற்றில் பறக்கும். சுற்றியுள்ள மாடிகளின் பெண் செடிகள் எல்லாம் பூவுக்குள் விதை பிடித்துவிடும். விதை பிடித்த பூவை விருந்தில் யாரும் முகர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். வாஷிங்டனின் ஆறு செடிகளும் அதோடு தீர்ந்தன. யார் வீட்டு மகரந்தம் என்று கண்டுபிடிக்கவும் முடியாது. அவள் ஒன்றுமே செய்யாமல் இருந்தால் போதும்.

அந்த எண்ணம் அவளுக்கு வந்ததா? வந்தது. மாத்தே ஆறும்வரை இருந்தது. அப்புறம் அதைத் துப்பிவிட்டாள்.

ஆண் செடியைக் கண்டால் பிடுங்கி எறிவதுதான் இங்கே வழக்கம். நீடியா அதைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு கடைக்கு இறங்கினாள். பின்னறையில் வைத்து ஜன்னலைச் சாத்தினாள். தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்த எல்பியா, இது யார் புது ஆள் என்று கேட்டாள்.

"ஆம்பிளை. வாயைத் திறக்கமாட்டான், அதான் வச்சிருக்கேன்" என்றாள் நீடியா.

உருண்டைகள் வெடித்தபோது, வெளிர்மஞ்சள் தூளைக் காகிதத்தில் தட்டி ஒரு டப்பாவில் மூடினாள். புதிய சாயத் தூரிகை ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். மேலே தூள் ஒட்டியிருக்கக் கூடாதென்று குளித்து, உடை மாற்றி, டப்பாவைக் கடையிலேயே விட்டுவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

4

வாஷிங்டன் அக்குளில் மாத்தேக்கான வெந்நீர்ப் பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு கதவைத் திறந்தார். "என்ன, உன் ராணியை மாடியில காணோம்?"

"ராணி இல்ல. ராஜா."

அவர் சிரித்த சிரிப்பில் பிளாஸ்க் நழுவப் பார்த்தது. பிடுங்கி எறிந்தாயா என்று கேட்டார். இல்லை, கடையில் உட்கார வைத்திருக்கிறேன் என்றதும் சிரிப்பு நின்றது. தன் ஆறு செடிகளின் கதியைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கத்தினார். அவள் முடிக்க விட்டாள்.

"உன் செடியில ஒரு கிளை வேணும். கீழ்க்கிளை போதும். அதை மட்டும் பையால மூடித் தூளைத் தடவிட்டு, சுத்தியும் தண்ணி தெளிச்சிடுவேன். நனைஞ்சா தூள் செத்துப்போயிடும்."

"எதுக்கு?"

"மூணு வருஷமா ஒரே தாயோட போத்தை வச்சே ஜெயிக்கிற. நல்ல செடிதான், நான் இல்லேங்கல. ஆனா நீ புதுசா எதையும் உண்டாக்கல, வாஷிங்டன். உன் செடி தாய், என் ராஜா தகப்பன். பொறக்கிற விதை இந்த ஊர்ல யார்கிட்டயும் கிடையாது."

"கொஞ்சம் பறந்தாலும் இந்த வருஷம் எனக்குப் போச்சு."

"போகலாம்" என்றாள் நீடியா. பொய் சொல்லவில்லை. "விருந்துக்குக் கொண்டுவர என்கிட்ட ஒரு பூ கூட இல்ல. விதையைத்தான் கொண்டுவருவேன். அதுக்குப் பேரு நான்தான் வைப்பேன்."

5

முடிவு அ: அவர் கிளையைக் கொடுக்கிறார். விருந்தில் ஜாடிகளுக்கு நடுவே விதைக் கிண்ணம், பேட்டையே சூழ்ந்து நிற்கிறது. ஆசிரியருக்கு இதுதான் பிடித்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாஷிங்டனோடு உட்கார்ந்து மாத்தே குடித்தவன் நான், அந்த மனிதர் வெற்றியை அவ்வளவு சுலபமாகப் பணயம் வைக்கமாட்டார்.

முடிவு ஆ: கதவைச் சாத்துகிறார். இதையும் நம்ப முடியவில்லை. அவள் பேசும்போது அவர் ஒருமுறை தன் மாடியை நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்று முடிவு கட்டியவன் ஏன் பார்க்கிறான்?

முடிவு இ: "அந்த நேரம் பார்த்துக் கடல்காற்று எழுந்து..." இல்லை. வழி தெரியாதபோது காற்றைக் கூப்பிடுவது என் தொழிலின் சோம்பேறித்தனம்.

ஒன்று மட்டும் கவனித்தேன். எந்த முடிவை எழுதினாலும் நீடியா அதே மாதிரித்தான் நிற்கிறாள். தோள் இறங்கவில்லை, குரல் கெஞ்சவில்லை. அவளை மாற்றி எழுத என்னால் முடியவில்லை. எழுதவும் மாட்டேன். அவள் எனக்குக் கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

மாறக்கூடியவர் வாஷிங்டன் ஒருவர்தான். அவரை உங்களிடம் தருகிறேன். அந்த ஆறு செடிகள் உங்களுடையவை. மூன்று வருடப் பெயர் உங்களுடையது. கதவைப் பிடித்திருப்பது உங்கள் கை. எதிரே நிற்கிறவள் நகரவில்லை. உங்களைத் தாண்டி மாடிப்படியைப் பார்த்தபடி கேட்கிறாள்:

"எந்தக் கிளைன்னு நீ காட்டுறியா, நானே பார்த்துக்கட்டுமா?"