முந்திப் படிக்காதவர்கள்

"முற்றும்" என்ற சொல்லையும் விரலை வைத்துச் சத்தமாகப் படித்து முடித்த பிறகுதான் வெல்டர் தலையை நிமிர்த்தினார். கட்டிலில் மனைவி வாய் லேசாகத் திறந்தபடி கிடந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு பாடுபட்டுப் படித்தவனுக்கு இதுதான் மரியாதையா? தோளைத் தொட்டார். பிறகு எழுத்துக்குக் கீழே ஓட்டிக்கொண்டு வந்த அதே விரலை அவளுடைய மூக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தார்.

அடுப்படியில் இருந்த மகளைக் கூப்பிட்டார். அவள் கையில் பால் தம்ளரோடு வந்தாள். பார்த்தாள். தம்ளரைத் தரையில் வைத்தாள்.

"எப்பப்பா?"

"இப்பத்தான்."

"இப்பன்னா?"

"படிச்சிட்டு இருந்தேன்" என்றார்.

மகள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் படிக்கும் லட்சணம் அவளுக்குத் தெரியும். எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டுப் பட்டறைக்குப் போனவர். வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் பொறியைத் தவிர வேறெதுவும் தெரியாது. பக்கத்தில் லாரியே வந்து நின்றாலும் தெரியாது. புத்தகமும் அவருக்கு அப்படித்தான். ஒரு வரியைப் பிடித்தால் அது முடியும் வரை உலகம் கிடையாது.

அது ஐந்து பாகம் கொண்ட நாவல். எழுதியவர் ஒரு பெண். வேறு ஏதோ கிரகம், அங்கே ஒரு ஜனம். அவர்களிடத்தில் பிள்ளை சுமப்பது முறை வைத்து நடக்கும். இந்தத் தடவை வீட்டில் ஒருத்தி, அடுத்த தடவை ஒருத்தன். நம் ஊர் மனுஷி ஒருத்தி விண்கப்பலில் போய் அவர்களோடு தங்கிவிடுகிறாள். ஐந்தாம் பாகத்தில் அவளைத் திரும்பக் கூட்டிப் போகக் கப்பல் வருகிறது. ஏறுவாளா, மாட்டாளா என்பதுதான் கதை. இதற்குப் போய் ஐந்து பாகமா என்று வெல்டர் கேட்டிருக்கிறார். ஆம்பிளை எவன் வயிற்றில் சுமக்க ஒத்துக்கொள்வான் என்றும் கேட்டார்.

"அதுக்குத்தான் வேற கிரகம்னு எழுதியிருக்காங்க" என்று மனைவி சொன்னாள்.

துணி ஆலையில் தையல் பிசிறு பார்க்கும் வேலை அவளுக்கு. வார விடுமுறையில் நூலகத்துப் பின்னறைக்குப் போய்விடுவாள். அங்கே நாலைந்து பெண்கள் சேர்ந்து அந்த நாவலைப் படித்தார்கள். என்னதான் பேசுவார்களோ, வீட்டுக்கு வந்தால் சிரித்த முகமாக இருப்பாள்; காரணம் கேட்டால் சொல்லமாட்டாள். வெல்டருக்கு அந்தக் கூட்டத்தின் மேல் நல்ல எண்ணம் இல்லை. பூட்டிய அறைக்குள் பெண்கள் சிரித்தால் யாரையோ பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்பது அவர் கணக்கு.

அவள் நோயில் விழுந்து படுத்த பின்பு நூலகத்து அம்மாள்தான் வந்து படித்துக் காட்டினாள். கடைசியில் ஆள் வந்து போவதே மனைவிக்கு இளைப்பாக இருந்தது. நீங்களே படியுங்கள் என்று அவரிடம் சொன்னாள். மாட்டேன் என்றார். முடிவு தெரியாமல் என்னை அனுப்பிவிடுவீர்களா என்றாள். முடிவு வரைக்கும் படிக்கிறேன், போதுமா என்று வாக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

டாக்டர் வந்தார். கையைப் பிடித்துப் பார்த்தார். நேரம் கேட்டார். மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தோராயமாக ஒன்றைச் சொன்னாள். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். யாரும் பார்க்காத நேரம், காகிதத்தில் ஏறியதும் உண்மையாகிவிட்டது.

சொந்தக்காரர்கள் வந்தார்கள். கடைசியாக என்ன சொன்னாள் என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை என்றார். மகள் மட்டும், அம்மா கதையை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போனாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்களுக்கு அது ஆறுதலாக இருந்தது. கொடுத்து வைத்தவள் என்று கூடச் சொன்னார்கள்.

மதியத்துக்கு மேல் நூலகத்துப் பெண்கள் வந்தார்கள். நூலகத்து அம்மாள், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், இன்னும் இரண்டு பேர். மனைவியின் காலருகே வெகுநேரம் நின்றார்கள். வெல்டர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நூலகத்துச் சொத்து, கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. பிணம் வெளியே போகிற வரைக்கும் கூடப் பொறுக்க முடியவில்லையா என்று கேட்பதற்கு வாயில் தயாராக வைத்திருந்தார்.

நூலகத்து அம்மாள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எதுவரைக்கும் கேட்டாங்கண்ணே?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

அவள் விளக்கினாள். கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் யாரையும் முந்திப் படிப்பதில்லை. ஒருத்தி வரவில்லை என்றால் அவள் விட்ட இடத்தில் எல்லோரும் நிற்பார்கள். இப்போதும் அப்படித்தான் நிற்கிறார்கள். அவள் எதுவரைக்கும் கேட்டாள் என்று தெரிந்தால் அந்த வரியிலிருந்து சேர்ந்து படிப்பார்கள். முழுக்கக் கேட்டுவிட்டாள் என்றால் இனி அவரவர் இஷ்டம்.

வெல்டர் நம்பவில்லை. "கையில ஆளுக்கொரு புத்தகம் இருக்கு. படிக்காம இருந்தீங்களாக்கும்."

"படிச்சிருந்தா எனக்கு ஏன் இந்தப் பாடு?" என்றாள் வேன்காரி. "ஏறினாளா இல்லையான்னு தெரியாம ரெண்டு தடவை ஸ்டாப்பை விட்டுட்டுப் போயிருக்கேன். பசங்க கத்தினப்புறம்தான் பிரேக்கே போட்டேன்." அழுத முகத்தோடுதான் சொன்னாள்.

அப்போதுதான் வெல்டருக்கு ஒன்று உறைத்தது. இந்த அறையில் அந்த முடிவு தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

மகள் பின்னால் வந்து குனிந்தாள். "முழுசாக் கேட்டாங்கன்னு சொல்லிருங்கப்பா" என்று காதருகே சொன்னாள். "யாருக்கு என்ன நஷ்டம்?"

யாருக்கும் நஷ்டமில்லைதான். வாக்கும் நிறைவேறின மாதிரி ஆகிவிடும். பெண்களும் புத்தகத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தார். நாலு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாதும்மா" என்றார். "நான் எழுத்தைப் பாத்துட்டு இருந்தேன். அவளைப் பாக்கல."

தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. மகள் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள்.

"கடைசியா எப்பப் பேசினாங்க?" என்று நூலகத்து அம்மாள் கேட்டாள்.

அவர் சொல்லத் தயங்கினார். சொந்தக்காரர்களிடம் மறைத்த விஷயம். சாகப் போகிறவள் சொல்கிற பேச்சா அது?

"அந்த ஜனத்துல ஒருத்தன், மாசம் முத்திப்போய் எந்திரிக்க முடியாம படிக்கட்டுல உக்காந்திருக்கான் பாருங்க. ஆளாளுக்கு வந்து கையைப் புடிச்சுத் தூக்குறாங்க. அந்த இடம்."

"என்ன சொன்னாங்க?"

"அவனுக்கு நல்லா வேணும்னு சொன்னா."

வேன்காரி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்று வெல்டரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பின்னறையிலும் இப்படித்தான் இருந்திருக்கும் போல.

நூலகத்து அம்மாள் அவர் மடியிலிருந்த புத்தகத்தைப் புரட்டிப் படிக்கட்டு வருகிற பக்கத்தைக் கண்டுபிடித்து, மறுபடி அவரிடமே நீட்டினாள்.

"நீங்களே படிச்சுக்குங்க" என்றார். "நான் படிச்சா இன்னைக்கு முடியாது."

"உங்க வேகத்துலதாண்ணே அவங்க கேட்டிருக்காங்க" என்றாள் வேன்காரி. "நாங்க மட்டும் எப்படி முந்திப் போறது?"

பெண்கள் கட்டிலைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். வெளியே அமரர் ஊர்தி வந்து நின்று ஹாரன் அடித்தது. மகள் வாசலுக்குப் போய் டிரைவரிடம் ஏதோ சொன்னாள். வண்டியின் இன்ஜின் அணைந்தது. திரும்பி வந்து அவளும் கதவில் சாய்ந்து நின்றாள்.

வெல்டர் முதல் வரிக்குக் கீழே விரலை வைத்தார். எழுத்து எழுத்தாகக் கூட்டி, அந்த வரியை முடித்தார். விரலை அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து அடுத்த வரியைப் படித்தார். மறுபடி நிமிர்ந்து பார்த்தார்.