கடைசி இரண்டு எண்கள் அக்காவுடையவை

1

இந்தக் கதை எனக்குத் தற்செயலாகக் கிடைத்தது. என் கடைவாய்ப்பல் ஒன்று உடைந்திருந்தது. பல் டாக்டர் எடுத்த அச்சை வழக்கமாக ஓர் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவாராம். அன்று அவர் வரவில்லை. நானே எடுத்துக்கொண்டு, செயற்கைப் பல் செய்யும் பட்டறைக்குப் போனேன். உள்ளே ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டியபடி கணினித் திரையிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"நான்தான். அட, நான்தான். கொஞ்சம் நம்பேன்."

பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பவர்களின் குரல் அது. உள்ளே ஆள் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களின் குரல். அது என்னோடு வீடுவரை வந்தது. பிறகு அவளிடம் கேட்டறிந்தது பாதி, நானாக நிரப்பியது பாதி. எது எந்தப் பாதி என்று சொல்லப்போவதில்லை.

2

முதல் தொடக்கம்:

"வானத்தில் மேகங்கள் கலைந்துகொண்டிருந்த ஒரு காலையில், தன் கோப்புகளை எல்லாம் போட்டுவைத்திருந்த அந்த இன்னொரு மேகத்தின் கதவு"

வேண்டாம். இணையச் சேமிப்புக்கு மேகம் என்று பெயர் வைத்தவர்களே போதுமான அளவு கவிதை எழுதிவிட்டார்கள்.

இரண்டாவது தொடக்கம்: "பழைய கணினி செவ்வாய்க்கிழமை செத்துப்போனது."

இது பரவாயில்லை. செய்தி மாதிரி இருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

பழைய கணினி செவ்வாய்க்கிழமை செத்துப்போனது. பட்டறையில் எந்நேரமும் பறக்கும், பல் அச்சு வார்க்கும் மாவின் தூசு அதன் விசிறிக்குள் புகுந்து கெட்டியாகிவிட்டிருந்தது. தங்கை (இனி அவளை அப்படித்தான் சொல்லப்போகிறேன்; அக்கா வருவதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது) பெரிதாகக் கவலைப்படவில்லை. செய்துகொடுத்த பற்களின் படங்கள், அளவுகள், நிறக்குறிப்புகள் எல்லாம் கிளவுடில் இருந்தன. புதுக் கணினி வாங்கி, பாஸ்வேர்டைப் போட்டால் வந்துவிடும்.

3

வாடிக்கையாளர் ஒருவர் அவசரத்தில் இருந்தார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்.

"பாலத்துல நின்னு தும்மினேம்மா. பல்லு செட்டு ஆத்துக்குள்ள போயிடுச்சு."

"கையால வாயைப் பொத்திக்கக் கூடாதா?"

"ஆயுசு பூரா ஸ்டீயரிங் பிடிச்ச கை. தும்மல் வந்தா அதுபாட்டுக்கு முன்னாடி போகுது."

அவசரத்துக்கு வேறோர் இடத்தில் புதுச் செட் செய்து போட்டிருந்தார். பற்கள் ஒரே சீராக, பளபளவென்று இருந்தன.

"வீட்டுக்காரி பாத்துட்டு, 'டிவில செய்தி வாசிக்கிறவன் மாதிரி இருக்கு, கழட்டி வைங்க'ன்னுட்டா. எனக்குப் பழைய பல்லே வேணும். முன்பல் ஒன்னு லேசா திரும்பி இருக்குமே, அதே மாதிரி."

தங்கைக்கு அந்தப் பல் நினைவிருந்தது. திருப்பி வைத்ததே அவள்தான். ஆனால் எவ்வளவு திருப்பினாள்? அந்த அளவு கிளவுடில் இருந்தது.

பாஸ்வேர்டைப் போட்டாள். சரி என்றது திரை. பிறகு இப்படி எழுதிக் காட்டியது:

"இது புதிய கருவி. நீங்கள்தான் என்பதை உறுதிசெய்ய, 47 என முடியும் எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பப்பட்டுள்ளது."

அவளுடைய எண் 47-இல் முடியாது. அக்காவுடையது முடியும்.

4

[இங்கே ஒரு விளக்கம் வேண்டும். கதையை நிறுத்திவிட்டு விளக்குவது தப்பு என்பார்கள். விளக்காமல் போனால் உங்களுக்குப் புரியாது. தப்பையே செய்கிறேன்.]

அக்காவும் தங்கையும் சேர்ந்து நடத்திய பட்டறை அது. அதில் ஒரே ஒரு சட்டம்தான்: தான் செய்த பல்லின் கடியைத் தானே பார்க்கக் கூடாது. மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கீல் வைத்த சட்டத்தில் மாட்டி, நடுவே நீலத்தாள் வைத்துத் தட்டினால், உயரமாக இருக்கும் இடத்தில் நீலம் ஒட்டும். அதுதான் கடி பார்ப்பது. செய்தவள் பார்த்தால் கண் தானாக மன்னித்துவிடும் என்பது அக்காவின் எண்ணம். அக்கா செய்ததைத் தங்கை பார்ப்பாள், தங்கை செய்ததை அக்கா.

இருவரும் ஆளுக்கொரு கிளவுட் கணக்கு தொடங்கிய நாளில் திரை ஒரு கைபேசி எண் கேட்டது. அக்கா சொன்னாள்:

"உன் பூட்டுக்கு என் நம்பர். என் பூட்டுக்கு உன் நம்பர். நம்ம வழக்கப்படி."

"நீ ஊர்ல இல்லாதப்ப நான் என்னடி பண்றது?"*

"நான் எங்கடி போகப்போறேன்?"

*தங்கை அக்காவை 'டி' போட்டுத்தான் பேசுவாள். ஒன்றரை வயதுதான் வித்தியாசம். வெளியாட்கள் முன்னால் மட்டும் 'வாங்க, போங்க' என்று மரியாதை வழியும். அந்த மரியாதையைக் கேட்டு இருவரும் பிறகு சிரிப்பார்களாம்.

5

அக்கா ஏன் போனாள்?

முதலில் பணத்தகராறு என்று எழுதிப் பார்த்தேன். எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும் சட்டை அது. கழற்றிப் போட்டுவிட்டேன். பிறகு ஒரு காதல் விவகாரத்தை நுழைத்தேன். அதில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. நடந்தது இவ்வளவுதான்:

ஒரு நாள் பல் டாக்டரின் அறையில், நோயாளி வாயைத் திறந்தபடி படுத்திருக்க, தங்கை செய்த பல்லைப் பார்த்து அக்கா சொன்னாள்: "கடி ஒசரமா இருக்கு. திருப்பிக் கொண்டுபோய்ச் சரி பண்ணணும்."

வெளியே வந்ததும் தங்கை கொதித்தாள்.

"நாலு பேர் முன்னாடிதான் சொல்லணுமா? காதோட சொன்னா ஆகாதா?"

"ஒசரமா இருந்துச்சு, சொன்னேன்."

"இனிமே என் கடிய நீ பாக்கவே வேண்டாம்."

"சரி."

அக்காவின் குறை அதுதான். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வாள். அடுத்த மாதம் நகரின் மறுகோடியில் வேறொரு பட்டறையில் சேர்ந்துவிட்டாள். 'நான் எதுக்குக் கூப்பிடணும், அவளே கூப்பிடட்டும்' என்று தங்கை இருந்தாள். அக்காவும் அப்படியே இருந்திருக்க வேண்டும். பெரிய சண்டையாக இருந்திருந்தால் யாராவது நடுவில் புகுந்து சமாதானம் செய்திருப்பார்கள். இது அந்த அளவுக்குக்கூட இல்லை.

6

"ஒரு போன் போட்டுக் கேட்டா முடிஞ்சுது" என்றார் தங்கையின் கணவர். "என்னமோ கோட்டையப் பிடிக்கப் போற மாதிரி யோசிக்கிற."

"அவளே போடட்டும்."

"உனக்கு ஓடிபி வேணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். அவ போனுக்குத்தானே போகுது."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. திரையில் குறியீடு கேட்டுப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அங்கே, நகரின் மறுகோடியில், அக்காவின் மேசைமேல் கைபேசி ஒரு தடவை அதிர்கிறது.

ஓட்டுநருக்கு வேலை நடந்தது. தன் மகள் கல்யாணத்தில் வாய்விட்டுச் சிரிக்கும் படம் ஒன்றை அவர் கொண்டுவந்தார். அதைப் பெரிதாக்கிப் பார்த்து, மெழுகில் முன்பல்லைத் திருப்பித் திருப்பி வைத்து, ஒருவழியாகப் பிடித்துவிட்டாள். செட்டை மாட்டிக்கொண்டு ஓட்டுநர் கண்ணாடியில் சிரித்தார். "இப்ப வீட்டுக்குள்ள விடுவா" என்றார்.

ஆக, கிளவுட் இனித் தேவையில்லை. கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

மறுநாள் தேநீர் குடித்து முடித்ததும் அவள் கணினி முன் உட்கார்ந்து, 'குறியீட்டை அனுப்பு' என்பதை அழுத்தினாள். அதற்கு மறுநாளும் அழுத்தினாள். ஆறு கட்டங்கள் காலியாகக் காத்திருக்கும். அவற்றைக் கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டு வேலைக்குத் திரும்புவாள். ஒரு தரம் ஆசை மீறித் தொடர்ந்து அழுத்திவிட்டாள். "அதிக முறை முயன்றுவிட்டீர்கள். நாளை முயலவும்" என்றது திரை. யாரோ கதவு இடுக்கு வழியாக 'நாளைக்கு வா' என்று சொன்னதுபோல இருந்ததாம். அன்று முழுக்க அவளுக்கு மனசு லேசாக இருந்ததாம்.

(இந்த இடத்தை நான் நிரப்பவில்லை. அவளே சொன்னது.)

செய்துமுடித்த பற்களை அவள் இன்னமும் மேசையின் இடப்பக்கம் வைக்கிறாள். அக்காவின் முக்காலி அந்தப் பக்கம்தான். கொஞ்சநேரம் கழித்து எழுந்து, அதே முக்காலியில் போய் உட்கார்ந்து, நீலத்தாள் வைத்துத் தானே தட்டிப் பார்க்கிறாள். நீலம் எங்கும் ஒட்டுவதில்லை. அதை அவள் நம்புவதும் இல்லை.

7

அக்காவை எனக்குத் தெரியாது. இரண்டு தரப்பையும் கேட்காமல் எழுதக் கூடாது என்று பழகியவன் நான். இங்கே ஒரு தரப்புதான் கையில் இருக்கிறது. மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அக்கா அந்தக் குறுஞ்செய்திகளைப் பார்த்ததும் அழித்துவிடுகிறாள். இன்னொன்றில் அவற்றை அழிக்காமல் சேர்த்துவைத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேலிருந்து கீழே தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். மூன்றாவதில் அவள் எண்ணையே மாற்றிவிட்டாள். செய்திகள் எல்லாம் முன்பின் தெரியாத யாருக்கோ போய்க்கொண்டிருக்கின்றன. மூன்றாவதை எழுதிய அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

செய்தியில் யாருடைய கணக்கு என்று இருக்காது. வெறும் ஆறு இலக்கம்தான். ஆனாலும் அக்காவுக்குத் தெரியும் (அதே எண்ணை வைத்திருந்தால்). 'நம்ம வழக்கப்படி' என்று சொன்னவள் அவள்தானே.

8

என் பல் தயாராகிவிட்டது என்றார்கள். வாங்கப் போனேன். தங்கை எதிர் முக்காலியில் உட்காரச் சொல்லி, கையில் மெழுகை உருட்டிக்கொண்டே இதுவரை நீங்கள் படித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கணினி அணைந்து கிடந்தது. அன்று அவள் இன்னும் தேநீர் குடிக்கவில்லை.

அவளுடைய கைபேசி அதிர்ந்தது.

எட்டிப் பார்த்தாள். பிறகு, நான் வெளியாள் என்பதை மறந்தவள்போல, திரையை என் பக்கம் திருப்பினாள்.

"உங்கள் உள்நுழைவுக் குறியீடு" என்றிருந்தது. ஆறு இலக்கம். கீழே: "பத்து நிமிடத்தில் காலாவதியாகும். யாரிடமும் பகிர வேண்டாம்."

"நான் ஒன்னும் அழுத்தலையே" என்றாள் தங்கை.

எனக்கு உடனே பிடிபடவில்லை. அவளுக்கும்தான். அக்காவின் பூட்டுக்குத் தங்கையின் எண். நகரின் மறுகோடியில் ஏதோ ஒரு கணினி முன்னால் உட்கார்ந்து, அக்கா பொத்தானை அழுத்தியிருக்கிறாள். அவளுடைய கணினியும் செத்திருக்கலாம். அல்லது ஒன்றுமே ஆகாமல் இருக்கலாம்.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் தங்கை.

அந்த ஒரு நிமிடம் எனக்கானது அல்ல. பல்லை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

9

முடிவுகள்.

அழைக்கிறாள்.

"சொல்லு."

"உனக்கு ஒரு நம்பர் வந்திருக்குடி."

"தெரியும். உன்னோடது இங்க ஒரு குவியலே கெடக்கு."

இதை எழுதி, அடித்துவிட்டேன். எனக்கு மிகவும் பிடித்திருந்தது, அதனால்தான் அடித்தேன்.

அழைக்கவில்லை. பத்து நிமிடமும் கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். குறியீடு காலாவதியாகிறது. இன்னொன்று வருகிறது. இனி இரண்டு பக்கத்திலிருந்தும் தட்டல், யாரும் திறப்பதில்லை. இதுவும் ஒரு வாழ்க்கைதான். இப்படி வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும்.

அல்லது அவள்

இல்லை. நான் வெளியே வந்துவிட்டேன். பட்டறைக் கதவில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி உண்டு. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். மீண்டும் போய்க் கேட்கலாம்தான். அதற்கு ஒரு சாக்கு வேண்டும். என் பல்லோ உறுதியாக இருக்கிறது. கடி கொஞ்சம்கூட உயரமில்லை.

நீங்கள் இந்தக் கதையை வாசிக்கத் தொடங்கி ஏறத்தாழ பத்து நிமிடம் ஆகியிருக்கும். மெதுவாக வாசிப்பவராக இருந்தால் இன்னும் அவகாசம் குறைவு. யாரிடமும் பகிர வேண்டாம் என்ற எண்ணை அவள் பார்த்துவிட்டாள், நான் பார்த்துவிட்டேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து கடைசியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். அக்காவின் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விரலில் ஒட்டியிருந்த மெழுகை மேலங்கியில் துடைத்துவிட்டு, கைபேசியைக் கையில் எடுத்து, அவள்